தண்ணீர் இருந்தது, ஹோஸ் பைப் மாட்டவில்லை!

பக்கத்து வீட்டில் தீ என்றால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பக்கத்து நகரத்தில் தீ என்றால் வாளி போதாது. வண்டி வேண்டும், ஆள் வேண்டும், ஹோஸ் பைப் வேண்டும். அந்தப் பைப் அந்த ஊர்க் குழாயில் மாட்டவும் வேண்டும். மாட்டாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் அதைக் கண்ணால் பார்த்தது.

1904-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணிக்குக் கொஞ்சம் முன்பு, கடைவீதியில் ஒரு மொத்த ஜவுளி வியாபாரக் கட்டிடத்தில் தீப்பிடித்தது. பலத்த காற்று. தீ கட்டிடத்துக்குக் கட்டிடம் தாவியது. தீயணைப்புப் படைத் தலைவரே மின்சாரக் கம்பி விழுந்து காயம்பட்டார்.

அண்டை நகரங்களுக்குத் தந்தி பறந்தது. வாஷிங்டனில் இருந்து தீயணைப்பு எந்திரங்களை ரெயிலில் ஏற்றி அனுப்பினார்கள். பிலடெல்பியாவும் நியூயார்க்கும் படைகளை அனுப்பின. மொத்தம் 1,231 வீரர்கள் தீயோடு போராடினார்கள்.

கப்ளிங் சேரவில்லை

உதவி வந்தாச்சு, இனிக் கவலை இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் வெளியூர் ஹோஸ் பைப்பின் கப்ளிங், பால்டிமோர் தெருக்குழாயில் ஏறவில்லை. மரை வேறு, அளவு வேறு. கான்வாஸ் துணியைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார்கள். தண்ணீர் பீறிட்டு வீணாய்ப் போனது.

கடைசியில் ஜோன்ஸ் பால்ஸ் என்ற ஓடைக் கரையில் 37 நீராவி எந்திரங்களை வரிசையாக நிறுத்தி, ஓடைத் தண்ணீரையே உறிஞ்சி அடித்தார்கள். தீ அங்கேதான் நின்றது. அதற்குள் சுமார் 30 மணி நேரம் ஓடிவிட்டது. 140 ஏக்கர் சாம்பல். எரிந்த கட்டிடங்கள் 1,500-க்கு மேல். வேலை இழந்தவர்கள் சுமார் 35 ஆயிரம் பேர். எல்லாம் கப்ளிங்கால் வந்தது என்று சொல்ல முடியாது. காற்றும் சேர்ந்து சதி செய்தது. ஆனால் காற்றை யாரும் திருத்த முடியாதே! மரையைத் திருத்தலாம்.

ஆராய்ந்து பார்த்தால், அமெரிக்காவில் 600-க்கும் மேற்பட்ட கப்ளிங் வகைகள்! ஊருக்கு ஊர் இஷ்டப்படி ஒன்று. 1905-ல் நாடு முழுவதற்கும் ஒரே அளவு வகுத்தார்கள். இரண்டரை அங்குலக் குழாய், அங்குலத்துக்கு ஏழரை மரை. ஆனால் எல்லா ஊரும் உடனே மாறிவிடவில்லை. இருக்கிற குழாயை எல்லாம் மாற்றப் பணத்துக்கு எங்கே போவது?

மறுபடியும் ஒரு ஞாயிறு

1991-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி. கலிபோர்னியாவில் ஓக்லண்டு நகரத்துக் குன்றுகள். முதல் நாள் அணைத்த புல் தீ மறுபடி மூண்டு வீடுகளில் பாய்ந்தது. சுற்றுவட்டார ஊர்களின் வண்டிகள் விரைந்தன. வந்தவர்கள் பைப் இரண்டரை அங்குலம். ஓக்லண்டு குழாய் 3 அங்குலம்! இடையில் மாட்டும் அடாப்டருக்குத் தட்டுப்பாடு. ரேடியோவும் ஒருவருக்கொருவர் சரியாகக் கேட்கவில்லை. போதாக்குறைக்கு மின்சாரம் போய், பம்புகள் நின்று, தொட்டிகளும் வற்றின. 25 பேர் மாண்டார்கள். சுமார் 3 ஆயிரம் வீடுகள் போயின.

87 வருஷம் கழித்தும் அதே தொல்லை. என்னத்தைச் சொல்ல!

எல்லை பார்க்காத வண்டி

ஆனால் அதே நாட்டில், அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ், டெம்பி, கிளெண்டேல் ஆகிய மூன்று நகரங்களும் 1976-லேயே வேறு வழிக்கு வந்துவிட்டன. தீப்பிடித்த பிறகு உதவி கேட்பது என்ற பேச்சே இல்லை. ஆபத்து என்று போன் வந்ததும், அந்த இடத்துக்கு மிக அருகில் இருக்கும் வண்டி எதுவோ அது கிளம்ப வேண்டும். எந்த ஊர் வண்டி என்ற கேள்வி கிடையாது. பின்னால் சுற்றியுள்ள ஊர்கள் பலவும் சேர்ந்துகொண்டன.

அங்கே தீயணைப்பு நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி தீ அல்ல. நெஞ்சுவலி, மயக்கம், விபத்து. இதயம் நின்று 4 முதல் 6 நிமிஷத்துக்குள் மூளை கெட ஆரம்பித்துவிடும். நோயாளியின் வீடு டெம்பியில், எதிர்த்தெரு பீனிக்சில் என்றால், ஊர் எல்லையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா?

இதற்கு அவர்கள் செய்த ஏற்பாடுகள் சின்னச் சின்னவை. நிலையங்களின் எண் ஒன்றுக்கொன்று மோதாது: டெம்பிக்கு 271 முதல், கிளெண்டேலுக்கு 151 முதல். ரேடியோ பொது. உத்தரவுச் சொற்களும் பொது. ஒரு தீயணைப்பு வண்டிக்கு 4 வீரர்கள் என்பது நிபந்தனை. தன் ஊரில் ஆளைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடித்து, பக்கத்து ஊர் முதுகில் சவாரி செய்யும் தந்திரத்துக்கு இது ஒரு கடிவாளம். இந்த நிபந்தனையை நிறைவேற்றச் சிறிய ஊர்களின் கஜானா திணறத்தான் செய்யும்.

பால்டிமோர் தீக்கு நூறு வருஷம் ஆன 2004-ல் மறுபடியும் கணக்குப் பார்த்தார்கள். அமெரிக்காவின் 48 பெரிய நகரங்களில் நாட்டுக்கென வகுத்த குழாய் அளவு இருந்தது 18-ல் மட்டும்தான்.