கடல் மீன் தொட்டியில் எத்தனை மீன் விடலாம்?

புதுச்சேரியின் மீனவ கிராமங்களைக் குறிப்பிட 'கனகசெட்டிக்குளம் முதல் மூர்த்திக்குப்பம் வரை' என்று சொல்வது வழக்கம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் இந்தக் கரையிலிருந்து விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கடலுக்கே ஒரு கணக்கு உண்டென்றால், வீட்டுக் கூடத்தில் இருக்கும் கடல் மீன் தொட்டிக்கு?

தண்ணீரை அளந்து பாருங்கள்

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு சுமார் 190 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக, உண்மையான தண்ணீர் 150 லிட்டர்தான் இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு பாதுகாப்பான கணக்கு உண்டு: 20 லிட்டருக்கு 2.5 செ.மீ. மீன். அதாவது, மொத்த நீளம் சுமார் 19 செ.மீ. இரண்டு 'நிமோ' மீன்கள், ஒரு சிறிய கோபி மீன். அவ்வளவுதான்!

கடையில் குட்டி, வீட்டில் பெரிசு

கணக்கில் சேர்க்க வேண்டியது, மீன் முழுதாக வளர்ந்த பிறகு இருக்கும் நீளம். நிமோ சுமார் 8 செ.மீ. வளரும். ஆனால், கடையில் விரல் நீளத்தில் நீந்தும் நீல நிற 'டோரி' 30 செ.மீ. வரை வளரக்கூடியது. 3 அடி தொட்டி அதற்குச் சிறை.

ஏன் இவ்வளவு குறைவு?

நல்ல தண்ணீரைவிடக் கடல் நீரில் ஆக்ஸிஜன் சுமார் 20 சதவிகிதம் குறைவாகவே கரையும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடானால் இன்னும் குறையும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கடல் நீரில் அதிக நச்சாகிறது. அதை மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குப் பிறகே முதல் மீன். அடுத்த மீனுக்கு இரண்டு, மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

கரன்ட் போனால்..?

2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் என்று மின்சாரம் இல்லாத இரவுகளைப் புதுச்சேரி நன்றாகவே அறியும். பம்ப் நின்றதும் தொட்டியில் ஆக்ஸிஜன் இறங்கத் தொடங்கும். மூன்று மீன்கள் தாக்குப்பிடிக்கும் நேரத்தை, அதே தண்ணீரில் பத்து மீன்கள் தாண்டுவது கடினம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

பவளத்தைத் தொடாதீர்கள்

கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை எடுப்பதும், விற்பதும், வாங்கி வைத்திருப்பதும் குற்றம். அழகுக்குச் செயற்கைப் பாறைகள் போதும். நிமோவையும் கடலிலிருந்து பிடிக்கத் தேவையில்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அதைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கின்றன. வாங்கும்போது, 'பண்ணையில் பொரித்ததா?' என்று கேளுங்கள்.

"இன்னும் ரெண்டு மீன் தாராளமா விடலாம் சார்" என்று கடைக்காரர் சொன்னால், கரன்ட் இல்லாத அந்தப் புயல் ராத்திரியை ஒருமுறை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.