பெரிய மரக் கிளிப்புக்கு வந்த மவுசு

துணி காயப்போடும் கிளிப் என்றால் நமது கடைகளில் அட்டையில் டஜனாகத் தொங்கும் பிளாஸ்டிக் கிளிப்தான். விற்றால் மிஞ்சுவது சில்லறைக் காசு. அமெரிக்காவிலோ மரக் கிளிப்பை அரை அடி நீளத்துக்குப் பெரிதாகச் செய்து, பெயின்ட் அடித்து, பூப்போட்ட தாள் ஒட்டிப் பரிசுப் பொருளாக விற்கிறார்கள். சுவரில் மாட்டிப் படம், பில், குறிப்புச் சீட்டு செருகி வைக்கலாம்.

மரக் கிளிப்புக்குத் தாய்வீடு அந்த நாடுதான் என்று சொல்லலாம். ஸ்பிரிங் வைத்த கிளிப்புக்கு வெர்மான்ட் மாநிலத்து டேவிட் ஸ்மித் 1853இல் காப்புரிமை பெற்றார். 1887இல் சாலன் மூர் சுருள் கம்பி வைத்து அதைத் திருத்தினார். பிறகு துணி உலர்த்தும் மெஷின் வந்தது, பிளாஸ்டிக் வந்தது, மலிவான இறக்குமதியும் வந்தது. மெய்ன் மாநிலத்தின் பென்லி கம்பெனி 2002இல் உற்பத்தியை நிறுத்தியது. மான்ட்பீலியர் நகரத்து நேஷனல் கம்பெனி 2009இல் மரக் கிளிப் செய்வதை விட்டது. துணிக்கொடியில் விலை போகாத சரக்கு, அலங்காரம் செய்தபின் வரவேற்பறையில் விலை போகிறது. இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

வேலை கடினமானதல்ல. முதலில் உப்புத்தாள் போட்டு மரத்தை வழவழப்பாக்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுவது நல்லது. பெயின்டும் பசையும் அதில் புகுந்தால் கிளிப் இறுகிவிடும். ஓரங்களுக்குப் பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிட்டு, பட்டையாக வெட்டிய தாளை ஒட்ட வேண்டும். பசை அதிகமானால் தாள் சுருங்கும். காய்ந்தபின் ஓரத்தை உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்தால் பிசிறு போய் கச்சிதமாக அமையும். மேலே ஒரு கை வார்னிஷ். பெரிய பூ போட்ட தாள் இதற்கு உதவாது. ஒடுங்கிய மரத்தில் பாதிப் பூதான் தெரியும். சின்னப் பூ, புள்ளி, கோடு எடுப்பாக இருக்கும். மழைக்காலத்தில் அவசரப்பட வேண்டாம்.

கணக்கைப் பார்ப்போம். 20 அங்குலத்துக்கு 30 அங்குலத் தாளில், 6 அங்குல நீளம், 1 அங்குல அகலப் பட்டை 100 வெட்டலாம். இரண்டு புறமும் ஒட்டினால் 50 கிளிப். சேதாரம் போனாலும் தாளின் செலவு பெரிதில்லை. செலவெல்லாம் கைவேலையில்தான். ஆகவே வீட்டிலிருந்து செய்து தரும் பெண்களுக்குக் கிளிப் ஒன்றுக்கு இவ்வளவு என்று நியாயமான கூலி பேசி, அதை வைத்தே விற்பனை விலை போட வேண்டும். கூலியைக் கிள்ளி லாபம் பார்க்கலாம் என்பவருக்கு இந்தச் சரக்கு ஒத்துவராது. அவசரத்தில் ஒட்டிய தாள் ஒரு மாதத்தில் பெயர்ந்து, வாங்கியவரோடு கடைக்கே திரும்பி வரும்.

முதலில் ஒன்றிரண்டு டஜன் போதும். ஒன்றைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டி, அன்றைய பில்களைச் செருகி வையுங்கள். கேட்பவர் தானாகக் கேட்பார். கொள்முதலின்போது மட்டும் ஒவ்வொன்றையும் நாலைந்து முறை அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். பிடி தளர்ந்த கிளிப்புக்கு எத்தனை அழகான தாள் ஒட்டியும் பயனில்லை.