பிரித்தானிய மோட்டார்க் கம்பனிகளின் இணைப்பு

இரண்டு கம்பனிகள் இணைவதென்பது அவற்றின் கணக்கேடுகள் ஒன்றாவது மட்டுந்தானா? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர்க்குப் பிரித்தானிய மோட்டார்க் கைத்தொழிலின் வரலாறு நல்லதொரு பாடமாகும். இலங்கையின் வீதிகளிலே ஒருகாலத்தில் பெருவழக்காய் ஓடிய ஒஸ்டின், மொறிஸ் கார்களின் கதையும் அதுவே.

ஹெர்பர்ட் ஒஸ்டின் 1905ஆம் ஆண்டிலே பேர்மிங்ஹாமைச் சார்ந்த லோங்பிரிட்ஜில் தமது கம்பனியை நிறுவினார். வில்லியம் மொறிஸ் 1913இல் ஒக்ஸ்போர்ட்டிலே தமது முதற் காரைச் செய்தார். 1927இல் வூல்ஸ்லி கம்பனி நொடித்து விலைக்கு வந்தபோது இருவரும் அதன்பொருட்டுப் போட்டியிட்டனர், வென்றவர் மொறிஸ். பின்னர், மொறிஸிடம் உயர்பதவி வகித்த லெனாட் லோட் அவரோடு பிணங்கி 1936இல் விலகினார். அவர் ஒஸ்டின் கம்பனியிற் சேர்ந்து, காலப்போக்கில் அதன் தலைமையையும் ஏற்றார். இத்தகைய போட்டியும் பிணக்கும் நிலவிய இரு கம்பனிகளே 1952இல் பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனமாக இணைந்தன.

இணைப்பின் நோக்கம் நன்றே. உதிரிப்பாகங்களைப் பொதுவாக்கிப் பெருந்தொகையாகச் செய்தால் ஆக்கச் செலவு குறையும். ஆயினும், ஒஸ்டின் விற்பனையாளரும் மொறிஸ் விற்பனையாளரும் முன்போலவே எதிரெதிரே நின்றனர். அலெக் இசிகோனிஸ் வகுத்த சிறிய கார் 1959இல் வெளிவந்தபோது, அவ்விரு சாராருக்காகவும் அது ஒஸ்டின் செவன் எனவும் மொறிஸ் மினி மைனர் எனவும் இரு பெயர் பூண்டது.

1966இல் ஜகுவார் இக்கூட்டுத்தாபனத்தோடு சேர்ந்தது. மறுபுறத்தே, லொறியும் பஸ்ஸும் செய்த லேலண்ட் கம்பனி 1961இல் ஸ்டாண்டர்ட் டிரயம்பையும் 1967இல் ரோவரையும் தனதாக்கிக்கொண்டது. ஹரோல்ட் வில்சன் அரசாங்கத்தின் ஊக்குவிப்போடு 1968இல் இவ்விரு குழுக்களும் ஒன்றாகிப் பிரித்தானிய லேலண்ட் உருவாயிற்று. பிரித்தானியக் கார் விற்பனையில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு அதன் கையில் இருந்தது. ஆனால், ரோவரும் டிரயம்பும் 1963இல் அறிமுகஞ் செய்த இரண்டு லீற்றர் கார்கள், ஒரே வீட்டிற்கு வந்த பின்னரும் ஒரே வாடிக்கையாளரை நாடிப் பல ஆண்டுகள் போட்டியிட்டன. தொழிற்சாலைகளோ அளவுக்கு மிஞ்சியவை, வேலைநிறுத்தங்களோ ஓய்ந்தபாடில்லை. 1975இல் அரசாங்கமே கம்பனியைப் பொறுப்பேற்க நேர்ந்தது.

அதன்பின் பிரிவினை தொடங்கிற்று. ஜகுவார் 1984இல் தனியாயிற்று. எஞ்சிய ரோவர் குழு 1988இல் பிரித்தானிய விமானக் கம்பனியொன்றுக்கும், 1994இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பனிக்கும் கைமாறிற்று. 2000ஆம் ஆண்டில் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையோடு கூடிய ரோவர் கார்த் தொழில் வெறும் 10 பவுணுக்கு விற்கப்பட்டது. 2005 ஏப்ரலில் அதுவும் வீழ்ந்தது. ஏறத்தாழ 6,000 தொழிலாளர் வேலையிழந்தனர். இணைப்பைத் தீர்மானித்தவர்கள் அவர்களல்லர். அதன் விளைவைச் சுமந்தவர்கள் அவர்களே.

மினி என்னும் பெயர் பி.எம்.டபிள்யூ.விடம் நிலைத்தது. ஜகுவாரும் லாண்ட்ரோவரும் 2008இல் இந்தியாவின் டாட்டா கம்பனிக்குரியன ஆயின. இணைப்புப் பத்திரத்தில் ஒப்பமிட ஒருநாள் போதும். எதனைத் தொடர்வது, எதனைக் கைவிடுவது என்று துணிவதே கடினமான பணி. அப்பணி காலத்தே செய்யப்படாமையே இவ்வீழ்ச்சிக்கு ஒரு பெருங் காரணமாகும்.