இரு துண்டும் சேர்ந்தால்தான் வெளிச்சம்

ஆழ்கடலில் ஒருவகை இறால் இருக்கிறது. எதிரி நெருங்கினால் நீல ஒளி வீசும் திரவத்தைப் பீய்ச்சிவிட்டு நழுவிவிடும். அந்த ஒளியைத் தரும் நொதியைத் திருத்தியமைத்து, 2012இல் அமெரிக்காவின் புரோமெகா நிறுவன ஆய்வாளர்கள் ‘நானோலக்’ என்ற நொதியை வெளியிட்டார்கள். இப்போது அதையே இரண்டாக வெட்டி, ரத்தத்தில் நோயின் தடயத்தைத் தேட விட்டிருக்கிறார்கள்.

எதற்காக வெட்ட வேண்டும்? ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் 1971இல் அறிவித்த எலைசா சோதனையின் பரவலான வடிவத்தில், ஆன்டிபாடியின் முதுகில் முழு நொதி ஒன்று உட்கார்ந்திருக்கும். நோயின் தடயமாகத் தேடும் புரதத்தை ஆன்டிபாடி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்த நொதி நிறத்தை உண்டாக்கும். எனவே ஒட்டாமல் மிதப்பதையெல்லாம் திரும்பத் திரும்பக் கழுவி வெளியேற்ற வேண்டும். சரியாகக் கழுவாவிட்டால் நோயில்லாதவரின் மாதிரியும் நிறம் மாறும்.

வெட்டிய நொதியில் இந்தத் தொல்லை இல்லை. வெட்டுப்பட்ட நொதியின் துண்டுகள் தனித்தனியே செயலற்றுக் கிடக்கும், கலந்தால் உயிர்பெறும் என்பதை உயிர்வேதியியலாளர் ஃபிரெடரிக் ரிச்சர்ட்ஸ் 1958இலேயே காட்டிவிட்டார். ஆனால் நோயறிய அது மட்டும் போதாது. துண்டுகள் தாமாகச் சேர்ந்துவிடவும் கூடாது. நானோலக்கை வெட்டி உருவாக்கி, 2016இல் வந்த ‘நானோபிட்’டின் சூட்சுமம் இதுதான். ஒன்று பெரிய துண்டு. மற்றது வெறும் 11 அமினோ அமிலங்கள் கொண்டது. இரண்டுக்கும் இடையே ஈர்ப்பு மிகக் குறைவு. துண்டுக்கு ஒன்றாக இரண்டு ஆன்டிபாடிகளில் கட்டிவிட்டால், அவை ஒரே புரதத்தின் இரு வேறு இடங்களைப் பற்றும்போது துண்டுகள் நெருங்கி இணைகின்றன, ஒளி பிறக்கிறது. கலக்க வேண்டும், ஒளிக்கான வேதிப்பொருளை ஊற்ற வேண்டும், அளக்க வேண்டும். அவ்வளவுதான்.

நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்டன் மெர்க்ஸ் குழு 2021இல் ஒரு படி மேலே போனது. மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் உள்ளிட்ட புரதங்களை இம்முறையில் கண்டறிந்தது. கூடவே, பச்சை ஒளி தரும் நொதி ஒன்றை அளவுகோலாகச் சேர்த்தது. நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தைச் சாதாரண டிஜிட்டல் கேமராவே படித்துவிடும்.

சிக்கலும் உண்டு. தேடும் புரதம் அளவுக்கு மீறி இருந்தால் இரண்டு ஆன்டிபாடிகளும் ஆளுக்கொரு மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். மாப்பிள்ளை ஒரு மண்டபத்திலும் பெண் இன்னொரு மண்டபத்திலும் காத்திருக்கும் கதைதான்; ஒளி குறைந்துபோகும். முற்றிய நோய் லேசானதாகத் தெரியும் ஆபத்து இது. சந்தேகம் வந்தால் மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி சோதிக்க வேண்டும்.

மாரடைப்பில் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையைப் பலி கேட்கிறது. கழுவாமல் முடியும் சோதனைக்கு அங்கேதான் உண்மையான தேவை. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் இடம் கேட்கும் முன், விதவிதமான நோயாளிகளின் ரத்தத்தில் பிசகாத முடிவைத் தந்து அது தன்னை நிரூபித்தாக வேண்டும்.