அட்டையில் ஓர் அயலவர்

பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர் என்பதைப் புறநானூறு பயின்றோர் அறிவர். கொழும்பில் வாழும் நம் நிலையோ இதற்கு நேர்மாறானது. காலி வீதியில் நாள்தோறும் எதிர்ப்படும் முதியவர் நல்ல சிறுகதையாசிரியராக இருக்கலாம். கண்டும் அறியோம். தெஹிவளையில் யான் கற்பிக்கும் மாணவரிடம், இவ்வூரில் வாழ்ந்த தமிழறிஞர் ஒருவரின் பெயரைக் கேட்டேன். சங்கப் புலவர் பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்கக்கூடியவர்கள் வாளாவிருந்தனர். பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்து உலகப் புகழ் எய்திய பேராசிரியர் கா. சிவத்தம்பி, 2011 இல் மறையும்வரை இதே தெஹிவளையில் வாழ்ந்தவர்.

இக்குறையை மாதந்தோறும் சிறிது சிறிதாகத் தீர்த்து வந்த சஞ்சிகை ஒன்று நம்மிடையே இருந்தது. 1966 ஆகஸ்டில் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’யே அது. எழுத்தாளர், கலைஞர், கல்விமான் என ஒருவரின் உருவப்படம் அதன் அட்டையை அணிசெய்யும். உள்ளே, அவரை நன்கறிந்த இன்னொருவர் எழுதிய அறிமுகம் இருக்கும். அக்கட்டுரைகளுட் பல பின்னர் நூலுருவும் பெற்றன.

இவற்றுட் சில அளவுக்கு மிஞ்சிய புகழுரைகள்தாம்; மறுக்கவில்லை. எனினும் ஒன்று எண்ணுக. குறுந்தொகைப் புலவர் ஒருவரைச் செம்புலப்பெயனீரார் என்கின்றோம். அது அவர் பெற்றோர் இட்ட பெயரன்று. இயற்பெயர் தொலைந்தமையால் அவர் பாட்டின் தொடரே பெயராயிற்று. ஊர் யாது, தொழில் யாது, யாருடன் பழகினார்? ஒன்றும் அறியோம். அவர் காலத்து நண்பர் ஒருவர் மிகைபடப் புகழ்ந்தேனும் ஓர் ஏட்டில் எழுதிவைத்திருந்தால், இன்று அதனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள மாட்டோமா?

பிறரை அறிமுகம் செய்தவரையும் அறிதல் வேண்டும். 1927 இல் பிறந்த ஜீவாவின் பாடசாலைக் கல்வி இடையிலேயே நின்றது. யாழ்ப்பாணத்துச் சிகையலங்கார நிலையத்தில் தொழில் செய்துகொண்டே படித்தார்; எழுதினார். 1960 இல் வெளிவந்த அவரது ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. அக்காலத்தே, மக்கள் பேச்சை இலக்கியத்துள் புகுத்தலாகாது என மரபு பேணுவோர் சிலர் வாதிட்டனர். ‘இழிசனர் வழக்கு’ என்ற சொல்லும் எறியப்பட்டது. பண்டிதன் என்ற முறையிலேயே கூறுகின்றேன்: அது முற்றிலும் இலக்கணத்தைப் பற்றிய வழக்கன்று. சாதி அதனுள் ஒளிந்திருந்தது. தொல்காப்பியர் உலகியல் வழக்கையும் ஏற்றவர் என்பதை வாதிட்டவர்கள் நன்கறிவர்.

அவ்வாறு எள்ளப்பட்ட அணியைச் சேர்ந்தவர், தமது சஞ்சிகையின் அட்டையைப் பிறர் முகங்களுக்கு அளித்தார் என்பதே எனக்கு வியப்பு. சிங்களச் சிறுகதைகளும் தமிழாகி அதில் வெளிவந்தன. இதழ்களைத் தாமே பையிற் சுமந்து, தெருத்தெருவாக நடந்து விற்றார். வாசகர் வினாக்களுக்குத் ‘தூண்டில்’ பகுதியில் ஒளிவுமறைவின்றி விடையிறுத்தார். போர்ச்சூழலால் 1990களில் கொழும்புக்குப் பெயர்ந்தபின், ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து 2012 வரை மல்லிகை வெளிவந்தது. ஏறத்தாழ 400 இதழ்கள்! ஜீவா 2021 ஜனவரியில் கொழும்பிலேயே மறைந்தார்.

அவ்விதழ்களுட் பெரும்பாலானவற்றை ‘நூலகம்’ இணையத்தளத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். மாணவருக்கு அதனைக் காட்டினேன். ஒவ்வொருவரும் முதலில் தேடியது தம் பெற்றோரின் ஊரைத்தான். கரவெட்டி என்றும் அல்வாய் என்றும் கூவிக்கொண்டு அட்டைகளைப் புரட்டினர். ஒருத்தி மட்டும், தேடலை நிறுத்திவிட்டு, அட்டைப்படத்தவரின் கதை ஒன்றை வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.