‘அத்துமீறி நுழையாதே’: பலகை வைத்தால் பாதை போய்விடுமா?

மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், செம்மணாம்பதி எனப் பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையோரம் முழுக்கத் தென்னந்தோப்பும் மாந்தோப்பும்தான். தோப்பு கைமாறினால் முள்வேலி வரும், கேட் வரும், கூடவே ‘அத்துமீறி நுழைந்தால் தண்டிக்கப்படுவீர்’ என்ற பலகையும் வரும். தலைமுறைகளாக அந்தத் தடத்தில் நடந்தவர்களுக்கு அன்றோடு வழி முடிந்ததா?

இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு அத்துமீறலுக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை தரவோ எண்ணி நுழைந்திருக்க வேண்டும். அதற்காகப் பலகையைப் பிடுங்குவதோ வேலியை வெட்டுவதோ கூடாது. வழக்கு நம் மேலேயே திரும்பும்.

தனியார் நிலமென்றால் 1882ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம் கைகொடுக்கும். 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி, உரிமையோடு நடந்திருந்தால் அது வழியுரிமை. அரசு நிலத்துக்கு 30 ஆண்டுகள். அனுமதி வாங்கி நடந்த காலம் கணக்கில் சேராது. வழி அடைபட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். சித்தூர் முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்கலாம். கோர்ட் நியமிக்கும் அட்வகேட் கமிஷனர் இடத்தைப் பார்த்து அறிக்கை தருவார். பழைய பத்திரம், சர்வே வரைபடம், அக்கம்பக்கத்தாரின் சாட்சியம் ஆகியவையே வழக்கின் பலம்.

தகராறு முற்றி அமைதி கெடும் நிலை வந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166ஆம் பிரிவின்படி நிர்வாக மாஜிஸ்திரேட் விசாரிக்கலாம். ஆண்டு முழுதும் புழங்கும் வழியானால், கடைசி மூன்று மாதங்களுக்குள் அது பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். ஆகவே தாமதம் ஆபத்து.

சாதியைக் காட்டி மறித்தால் அது வெறும் நிலத் தகராறு அல்ல. 1924இல் பாலக்காடு கல்பாத்தி அக்ரகாரத் தெருக்களில் ஈழவர்கள் நடக்கக்கூடாது என்று தடுத்தார்கள், மோதல் மூண்டது. இன்று பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொதுவழியில் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வனத்துறை தடுத்தால்? பரம்பிக்குளத்துக்குத் தமிழ்நாடு வழியாகச் சுற்றித்தான் வண்டி போகும். கேரளத்துக்குள்ளேயே வழி வேண்டுமென்று அங்குள்ள தேக்கடி ஊர் ஆதிவாசிகள் 2020இல் செம்மணாம்பதிக்குக் காட்டுவழி வெட்டும் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்களின் கோரிக்கைக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்திலேயே இடமுண்டு: கிராமசபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைச் சாலைக்கு ஒதுக்கலாம். உரிமைக் கோரிக்கைகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை அவர்களை வெளியேற்றவும் கூடாது.

அரசு நிலத்தை ஆக்கிரமித்ததாகச் சொல்லி, கேரளத்தின் 1957ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டப்படி வருவாய்த்துறை நோட்டீஸ் அனுப்பினால், பதில் எழுதுங்கள். உத்தரவு பாதகமானால் மேல்முறையீடு உண்டு, அதன்பின் உயர்நீதிமன்றம்.

மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார். சட்ட உதவிக்கான அழைப்பு எண் 15100.