சூரியனை நேருக்கு நேர் பார்த்த கேமரா

நேயர்களே, கேமராவைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினால் படச்சுருள் கருகிவிடும் என்று ஒரு காலத்தில் அஞ்சினார்கள், தெரியுமா? 1950இல் வெளிவந்த ஜப்பானியப் படமான 'ராஷோமோன்' அந்த அச்சத்தை உதறியது. இயக்குநர் அகிரா குரோசாவாவும் ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகாவாவும் அடர்ந்த காட்டுக்குள், இலை இடுக்குகளில் கண்சிமிட்டும் சூரியனையே நேராகப் படம்பிடித்தார்கள். நிழல் கவிந்த இடங்களில் கண்ணாடிகளை வைத்து வெயிலை நடிகர்கள் மேல் திருப்பிவிட்டார்கள்.

இதெல்லாம் வெறும் தொழில்நுட்பத் துணிச்சல்தானே என்று தோன்றலாம். ஆனால் கதையோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே சாவை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். மேலே உச்சிவெயில் எரிகிறது. இலைகளோ அதைத் துண்டு துண்டாகத்தான் தரைக்கு அனுப்புகின்றன. உண்மையும் அங்கே அப்படித்தான், சொல்பவரின் ஆசையிலும் பயத்திலும் சிதறியே நம்மிடம் வந்து சேர்கிறது. காட்சிக்கு ஒளி தந்த சூரியனே கதையின் கருத்தையும் சுமக்கிறது. அடுத்த ஆண்டே வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்ற படம் இது. வாய்ப்புக் கிடைத்தால் அவசியம் பாருங்கள், நேயர்களே!